கியர்பெட்டியைப் பிரிக்கச் சொல்வதற்கு முன்

"ஏனுங்ண்ணா, கியரு விழுகவே மாட்டீங்குதுங்க. பொட்டியைப் பிரிச்சுப் போடலாமுங்களா?"

துடியலூர்ப் பக்கம் ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓடும் நான்கு சக்கர வண்டி) வைத்திருப்பவர் ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கும்போதே இதைக் கேட்டுக்கொண்டுதான் இறங்குவார். என்ன கோளாறு என்பதைச் சொல்வதற்குள் வைத்தியத்தை அவரே முடிவுசெய்திருப்பார். அவசரத்தில் இருக்கும் மெக்கானிக்கும் தலையாட்டிவிட்டால், இன்ஜின் இறங்கும், கேஸ் பிளக்கும், பேக்கிங் செட் மாறும், ஒரு வாரம் ஓடிவிடும். கடைசியில் பார்த்தால் கோளாறு கிளட்ச் ஒயரில் இருந்திருக்கும்.

கியர்பெட்டி நாம் நினைப்பதைவிட உறுதியான பொருள். பழுது பெரும்பாலும் அதற்கு வெளியேதான் இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே போகவேண்டும், உள்ளிருந்து வெளியே வரக்கூடாது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த வரிசையைப் பற்றித்தான்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை வண்டி என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்துத் தோட்டங்களிலும் ஆனைகட்டி, ஊட்டிப் பக்கத்து ரிசார்ட்டுகளிலும் ஓடுபவை மூன்று ரகம். ஒன்று, 110 அல்லது 125 சிசி சின்ன வண்டி. கிளட்ச் கைப்பிடி கிடையாது, காலால் கியர் தட்டினால் போதும். ஹோண்டா கப் வழியில் வந்த படுக்கை இன்ஜின் இது. ஒரு காலத்தில் நம் ஊரில் ஓடிய ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட்டில் இருந்ததும் இதே ஏற்பாடுதான். இரண்டாவது, கையில் கிளட்ச் பிடித்து ஓட்டுகிற 150 முதல் 250 சிசி வண்டி. உள்ளே இருப்பது சாதாரண மோட்டார்சைக்கிளின் கியர்பெட்டியேதான், கூடவே சிலவற்றில் ரிவர்ஸ். மூன்றாவது, போலரிஸ் மாதிரி பெல்ட்டில் ஓடும் வண்டி. அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்ற கணக்கே இல்லை. ஹை, லோ, நியூட்ரல், ரிவர்ஸ், பார்க்கிங் என்று ஒரு நெம்புகோல் இருக்கும். இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றின் யோசனையை மற்றதில் செய்தால் வம்புதான்.

இடையில் ஒன்று. இவற்றில் பெரும்பாலானவை ரோட்டுக்குப் பதிவு ஆகாத வண்டிகள். போலரிஸ் ஒரு 570 மாடலை டிராக்டர் வகையில் பதிவுசெய்யத்தக்கதாகக் கொண்டுவந்தது; மற்றவை தோட்டத்துக்குள் ஓடுவதற்குத்தான். சோதனை ஓட்டம் என்று மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏற்றிவிடாதீர்கள்.

சரி, கோளாறுக்கு வருவோம். கால் லிவரே அசையவில்லையா? லிவர் அசைகிறது, கியர் மாறவில்லையா? மாறிய கியர் துள்ளி வெளியே வந்துவிடுகிறதா? கியர் விழுந்தும் வண்டி இழுக்கவில்லையா? நான்குமே "கியர் பிரச்சினை" என்றுதான் சொல்லப்படுகின்றன. நான்கின் காரணமும் வண்டியின் நான்கு வெவ்வேறு இடங்களில் இருக்கிறது. மெக்கானிக்கிடம் போகும் முன் இதைத் தெளிவாகச் சொல்லப் பழகிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியை ஒரு சோதனை முடித்துவிடும். செலவில்லாதது, தோட்டத்திலேயே செய்யக்கூடியது. கியரை மூன்று நிலைமையில் போட்டுப் பாருங்கள்: இன்ஜின் நின்றிருக்கும்போது, இன்ஜின் ஓடி வண்டி நிற்கும்போது, வண்டி ஓடும்போது.

இன்ஜின் நின்றிருக்கும்போது போடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. லிவரை மட்டும் அமுக்கினால் முதல் இரண்டு கியருக்குமேல் போகாமல் நிற்கலாம். உடனே பெட்டி போச்சு என்று பதறவேண்டாம். இந்தப் பெட்டிகளில் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தே இருக்கும். கியர் மாறும்போது நடப்பது, ஒரு சக்கரத்தின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் 'டாக்' எனும் கட்டைப் பற்கள் பக்கத்துச் சக்கரத்தின் குழிக்குள் நுழைவதுதான். பல்லுக்கு நேராகப் பல் வந்து நின்றால் நுழையாது. எனவே வண்டியை முன்னும் பின்னும் ஓர் அடி ஆட்டிக்கொண்டே லிவரை மெதுவாக அமுக்குங்கள். 'டொக்' என்று விழும். எல்லாக் கியரும் இப்படி விழுந்துவிட்டால் உள்ளே சக்கரத்தை நகர்த்தும் ஃபோர்க், அந்த ஃபோர்க்கை நகர்த்தும் டிரம் எல்லாம் அதனதன் வேலையைச் செய்கின்றன என்று பொருள். ஏதாவது ஒரு கியர் மட்டும் ஆட்டிப் பார்த்தும் விழவே இல்லை என்றால்தான் உள்ளே சந்தேகம்.

இன்ஜின் நின்றிருக்கும்போது வெண்ணெய் மாதிரி விழும் கியர், இன்ஜின் ஓடும்போது மட்டும் கரகரவென்று கத்தி அடம்பிடிக்கிறதா? சிக்னலில் நிற்கும் பைக்கில் நியூட்ரல் தேடித் தேடிக் கால் வலிப்பது போன்ற அனுபவமா? குற்றவாளி கிளட்ச். கைப்பிடியை முழுக்கப் பிடித்தும் கிளட்ச் முழுக்க விடவில்லை. இன்ஜினின் சுழற்சி கொஞ்சம் கொஞ்சம் பெட்டிக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. உறுதிசெய்ய, பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி மரக்கட்டையில் அசையாமல் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பவேண்டாம். கிளட்ச்சைப் பிடித்து ஸ்டார்ட் செய்து முதல் கியர் போடுங்கள். சக்கரம் மெல்லச் சுற்றும், அது எண்ணெயின் இழுவை, தப்பில்லை. பிரேக்கை லேசாகத் தொட்டதும் சக்கரம் நின்று இன்ஜின் பாட்டுக்கு ஓடினால் கிளட்ச் நலம். இன்ஜின் திணறினாலோ நின்றுபோனாலோ கிளட்ச் விடவில்லை. செயின் பக்கம் கையோ லுங்கியோ போகக்கூடாது என்று சொல்லவேண்டியதில்லை.

கிளட்ச் விடாததற்குக் காரணம் தேடும்போதும் வெளியிலிருந்தே ஆரம்பியுங்கள். கைப்பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை வெறும் ஆட்டம் இருப்பது பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி. அதைவிட அதிகம் என்றால் கிளட்ச் முழுக்க விடாது. ஆட்டமே இல்லாமல் இறுக்கிவைத்தால் வேறு தொல்லை: கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். இன்ஜின் உறுமும், வண்டி ஏறாது. 'கியர் விழுந்தும் இழுக்கலைங்க' என்று வருபவற்றில் இது ஒரு முக்கியமான ரகம். இழுவை குறைந்ததும் ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கி, பிளேட்டையும் எரித்துவிட்டுத்தான் கொண்டுவருவார்கள்.

அடுத்தது ஒயர். தடாகம் பள்ளத்தாக்கின் செம்மண்ணில் செங்கல் சூளைகள் எதற்காகக் குவிந்தன என்று யோசியுங்கள். அத்தனை நைசான மண். 2021-ல் சூளைகள் மூடப்பட்டன. மண்ணின் குணம் மாறவில்லை. தோட்டத்தில் நாலு நடை எருவும் சொட்டுநீர்க் குழாயும் ஏற்றி இறக்கினால் அந்தத் தூள் ஒயரின் உறைக்குள் போய் எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிடுகிறது. ஒயரின் இரண்டு முனையையும் கழற்றி, உள்கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள். பட்டு மாதிரி ஓடவேண்டும். நறநறவென்றால் எண்ணெய் விட்டு ஒப்பேற்றாமல் புதிது போடுங்கள். அளவு சரியான ஒயராகப் பாருங்கள். ஏதோ ஒரு பைக்கின் ஒயர் ஏறக்குறைய பொருந்துகிறது என்று மாட்டினால், அட்ஜஸ்டர் மரையின் கடைசி வரை திருகியும் ஆட்டம் குறையாது. அப்புறம் மறுபடி கியர்பெட்டி மேல்தான் பழி விழும்.

ஒயர் சரி, ஆட்டம் சரி, இன்னும் கிளட்ச் விடவில்லை என்றால்தான் வலது பக்க மூடியைத் திறக்கலாம். இதற்கு இன்ஜினை இறக்கவேண்டாம், கேஸைப் பிளக்கவேண்டாம். உள்ளே வளைந்துபோன இரும்பு பிளேட் இருக்கலாம்; கண்ணாடி மேல் வைத்தால் ஆடும். அல்லது பிளேட்டின் காதுகள் இடித்து இடித்துக் கிளட்ச் ஹவுசிங்கின் விரல்களில் வரிசையாகப் பள்ளம் விழுந்திருக்கும். பிளேட் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு பிரிய மறுக்கும். பள்ளம் மேலாக இருந்தால் அரம் போட்டு நிரவிக்கொள்ளலாம். ஆழமாக இருந்தால் ஹவுசிங்கை மாற்றத்தான் வேண்டும். பள்ளமான ஹவுசிங்கில் புது பிளேட் போடுவது வீண் செலவு.

எப்போது கோளாறு செய்கிறது என்பதும் துப்பு கொடுக்கும். காலையில் முதல் கியர் மட்டும் முட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் ஓடியதும் சரியாகிவிடுகிறதா? ராத்திரி முழுக்க நின்றதில் பிளேட்டுகள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான். வெள்ளாமை முடிந்து மாதக்கணக்கில் கொட்டகையில் கிடந்த வண்டியில் இது சகஜம். காலையில் நன்றாக இருந்து, மத்தியானம் சூடேறியபின் அடம்பிடிப்பதுதான் கவலைக்குரியது. அது வளைந்த பிளேட்டையோ எண்ணெய் தன் குணம் இழந்ததையோ காட்டும்.

எண்ணெய் என்றதும் ஒரு வார்த்தை. இந்தச் சின்ன இன்ஜின்களில் இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் கியர்பெட்டிக்கும் ஒரே எண்ணெய். டப்பாவின் பின்னால் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். எம்பி என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு. கார் எண்ணெய் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றவும் கூடாது. வழுக்குவதற்காகவே சேர்மானம் போட்ட எண்ணெய் அது; எண்ணெயில் நனைந்தபடி வேலை செய்யும் கிளட்ச் பிளேட்டுக்கு வழுக்கல் ஆகாது. கெட்டித்தனம் 10டபிள்யூ-30-ஆ, 20டபிள்யூ-50-ஆ என்பதைக் கடைக்காரரிடம் கேட்காமல் வண்டியோடு வந்த புத்தகத்தில் பாருங்கள்.

பழைய எண்ணெயை அப்படியே சாக்கடையில் கொட்டுவது நம் ஒர்க்‌ஷாப்புகளின் கெட்ட பழக்கம். மண்ணுக்குக் கேடு என்பது ஒருபுறம், நல்ல சாட்சியத்தையும் சேர்த்துத்தான் கொட்டுகிறோம். ஒரு கரண்டி எண்ணெயை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பிறகு ஒரு காந்தத்தை அதில் மெதுவாக இழுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மெலிதாக ஒட்டினால் அது வழக்கமான தேய்மானம். செதில்களாக மினுமினுத்தாலோ, விரலில் குத்தும் முக்கோணத் துணுக்குகள் வந்தாலோ டாக் உடைகிறது. கறுப்புத் தூளும் கருகல் வாடையும் வந்தால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது. மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஐப்பசி மழையில் பள்ளத்தைத் தாண்டியபோதோ, வாட்டர் சர்வீஸ் பையன் பிரெஷர் குழாயை இன்ஜின் மூச்சுவிடும் பிரீதர் துளைப் பக்கம் பிடித்தபோதோ போயிருக்கும். அதோடு ஓட்டாதீர்கள்.

இனி லிவர். இதுதான் எல்லாரும் கவனிக்காமல் விடும் இடம். கல்லில் இடித்து லிவர் உள்ளே வளைந்து கால்பலகையிலோ இன்ஜின் கேஸிலோ முட்டிக்கொண்டிருக்கும். முழுத் தூரம் போக இடமில்லாமல் கியர் பாதியில் நிற்கும். அல்லது லிவரின் உள்பல் தேய்ந்து ஷாஃப்ட் மேல் வழுக்கும். லிவரைக் கையால் மேலும் கீழும் ஆட்டி, ஷாஃப்ட்டும் கூடவே அசைகிறதா என்று உற்றுப் பாருங்கள். இறுக்கும் போல்ட் தளர்ந்திருந்தால் உடனே இறுக்குங்கள். தளர்ந்தபடியே நாலு நாள் ஓட்டினால் லிவரோடு ஷாஃப்ட்டின் பல்லும் போய்விடும். சின்ன வண்டிகளில் செயினை அளவுக்கு மீறி இறுக்கிவைத்திருந்தாலும் வெளியேறும் ஷாஃப்ட்டில் சுமை ஏறி கியர் கடினமாகும். அதையும் ஒருமுறை தளர்த்திப் பாருங்கள்.

மேலே போகும்போது கியர் சரியாக விழுகிறது, இறக்கும்போது மட்டும் தவறுகிறது (அல்லது தலைகீழாக). இப்படி ஒரு புகார் வந்தால் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி, ஏனென்றால் இடம் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். கியர் ஷாஃப்ட்டை நடுநிலைக்குத் திருப்பும் ஸ்பிரிங்கின் இரு கால்களும் கேஸில் முறுக்கிய ஒரு முளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். அந்த முளை தளர்ந்தாலும் ஸ்பிரிங் களைத்தாலும் லிவர் நடுவுக்கு வராது. ஒரு திசையில் எட்டும், மறு திசையில் எட்டாது. இதுவும் பக்கவாட்டு மூடிக்குப் பின்னாலேயே இருக்கிறது. லாக்டைட் வைத்து முளையை இறுக்கி, ஸ்பிரிங்கை மாற்றினால் தீர்ந்தது. இதற்காகக் கேஸைப் பிளந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிளட்ச் கைப்பிடி இல்லாத சின்ன வண்டிக்காரர்கள் இதுவரை பொறுமையாகப் படித்திருப்பீர்கள். உங்கள் வண்டியில் இரண்டு கிளட்ச் வேலை. இன்ஜின் வேகம் கூடினால் தானாகப் பிடிப்பது ஒன்று, காலால் லிவரை அமுக்கும்போது விலகுவது மற்றொன்று. நிற்கும்போது கியர் போட்டால் வண்டி 'விசுக்'கென்று தாவுகிறது என்றால் முதலில் ஐடிலைக் குறையுங்கள். ஐடில் அதிகம் வைத்தால் தானாகப் பிடிக்கும் கிளட்ச் விடவே விடாது. இன்ஜின் நின்றுபோகாமல் இருக்கட்டும் என்று ஸ்குரூவை ஏற்றி ஏற்றி வைப்பதுதான் இந்தக் கோளாறின் தாய்.

அப்புறமும் தாவினால் வலது பக்க மூடியின் நடுவில் உள்ள சின்ன அட்ஜஸ்டரைப் பாருங்கள். 10 நம்பர் ஸ்பேனரில் லாக்நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவை வலப்புறமாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். பிறகு இடப்புறமாக, கையில் மெல்லிய எதிர்ப்பு தட்டுப்படும் வரை திருப்புங்கள். அங்கிருந்து மறுபடி வலப்புறமாக எட்டில் ஒரு சுற்று. ஸ்குரூ அசையாமல் பிடித்துக்கொண்டு லாக்நட்டை இறுக்குங்கள். ஹோண்டா கப் ரக இன்ஜின்களுக்கான முறை இது. பெரிய ஏடிவிகளில் கடைசித் திருப்பு கால் சுற்று என்று வரலாம், புத்தகம் சொல்வதே முடிவு. ஓட்டும்போதும் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, லிவரை முழுக்க அமுக்கி, பிறகு விடுங்கள். அரைகுறையாகத் தட்டுவது பழகினால் எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் நிற்காது.

ரிவர்ஸ் மட்டும் விழவில்லையா? பல வண்டிகளில் தற்செயலாக விழாமலிருக்க ஒரு பூட்டு வைத்திருப்பார்கள். ஹேண்டிலில் ஒரு பொத்தானோ சின்ன லிவரோ, அதிலிருந்து ஓர் ஒயர். அந்த ஒயர் நீண்டுவிட்டால் பூட்டு திறக்காது. பெட்டிக்குள் ஒன்றுமே இருக்காது.

பெல்ட் வண்டிக்காரர்களுக்கு முதல் சோதனை பாதியளவு போதும். இன்ஜின் நின்றிருக்கும்போது நெம்புகோல் லேசாகப் போய், ஓடும்போது மட்டும் முட்டினால் பெல்ட் சும்மா இருக்கவேண்டிய நேரத்தில் புல்லியோடு உரசிக்கொண்டு பெட்டியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஐடில் அதிகமா, புது பெல்ட் சரியான அளவா என்று பாருங்கள். நின்றிருக்கும்போதும் முட்டினால் நெம்புகோலிலிருந்து பெட்டிக்குப் போகும் கம்பியின் நீள அட்ஜஸ்ட்மென்ட்டையும் அதன் மூட்டுகளில் சேர்ந்த மண்ணையும் கவனியுங்கள். வண்டி முழுக்க நிற்காமல் ஹையிலிருந்து லோவுக்கு இழுக்காதீர்கள். குருடிமலை அடிவாரத்துச் சரிவில் சுமையோடு ஊர்ந்து ஏறும்போது, அதாவது மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே, லோவில்தான் போகவேண்டும். ஹையிலேயே ஊர்ந்தால் பெல்ட் ஒரே இடத்தில் வழுக்கிக் கருகும். தண்ணீரில் இறங்கி ஏறியபின் இழுவை போய்விட்டால் பயப்படவேண்டாம். பெல்ட் அறையின் அடிப்பிளக்கைக் கழற்றி நீரை வடித்து, நியூட்ரலில் கொஞ்ச நேரம் இன்ஜினை உறுமவிட்டால் பெல்ட் காய்ந்துவிடும்.

நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளும் அவ்வப்போது ஏடிவியோடு வருவார்கள். 2007-ல் மத்தியப் பிரதேசத்துப் பீதாம்பூரில் தொடங்கிய பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டிக்காக அவர்களே கட்டும் ஒற்றை இருக்கை வண்டி. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 10 குதிரைத்திறன் இன்ஜினோடு மஹிந்திரா ஆல்ஃபா ஆட்டோவின் கியர்பெட்டியைச் சேர்த்துக் கட்டிய குழுக்கள் உண்டு. அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: ஒர்க்‌ஷாப்பில் விழும் கியர் ஓட்டத்தில் ஏன் விழவில்லை? தம்பிகளா, கேபிளைத் தாங்கும் பிராக்கெட்டைப் பாருங்கள். மெல்லிய தகட்டில் செய்திருந்தால் நீங்கள் இழுக்கும் தூரத்தில் பாதியை அந்தத் தகடே வளைந்து தின்றுவிடும். கேபிளைக் குறுகிய வளைவில் திருப்பியிருந்தால் மீதியும் போச்சு.

கடைசியாக, துள்ளும் கியர். இங்கேதான் பெட்டியின் மேல் உண்மையான சந்தேகம். அதிலும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் பிரியுங்கள். எல்லாக் கியரும் துள்ளுகிறதா, ஒன்று மட்டுமா? எல்லாமே என்றால் டிரம்மின் முனையில் உள்ள ஸ்டாரும் அதை அமுக்கிப் பிடிக்கும் உருளையும் ஸ்பிரிங்கும்தான் முதல் சந்தேகம். பெரும்பாலான இன்ஜின்களில் இதுவும் மூடிக்குப் பின்னாலேயே எட்டும். ஒரே ஒரு கியர் மட்டும், அதுவும் சுமை ஏறும்போது துள்ளினால் அந்த கியரின் டாக் முனை மழுங்கியிருக்கிறது அல்லது அதன் ஃபோர்க் வளைந்திருக்கிறது. டாக்குக்கு இரண்டு முகம் உண்டு. மேட்டில் முறுக்கும்போது துள்ளினால் இழுக்கும் முகம் தேய்ந்தது. பள்ளத்தில் ஆக்சிலேட்டரை விடும்போது துள்ளினால் தடுக்கும் முகம் தேய்ந்தது. இது நிச்சயமானால் தயங்காமல் பிரிக்கலாம். துள்ளத் துள்ள ஓட்டினால் பக்கத்துச் சக்கரமும் சேர்ந்து போகும்.

பிரித்ததும் கோயமுத்தூர்க்காரருக்கு வரும் அடுத்த யோசனை, "லேத்துல குடுத்தாப் பண்ணிக் குடுத்துருவாங்க". சாந்தி கியர்ஸ் இருக்கும் ஊர் இது, நம்பிக்கையில் தப்பில்லை. தேய்ந்த லிவர் பாஸ், கால்பலகை, கேஸில் மரை போன துளை, கேபிள் பிராக்கெட் எல்லாவற்றையும் கணபதியிலோ துடியலூரிலோ ஒரு லேத்தில் கொடுத்தால் கம்பெனிப் பொருளைவிட உறுதியாகவே செய்து தருவார்கள். டாக்கை மட்டும் கொடுக்காதீர்கள். பல்சக்கரத்தின் மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்டது, உள்ளே மிருதுவான இரும்பு. வெல்டிங் வைத்து ஏற்றி அரைத்தால் அந்தச் சூட்டில் கடினம் போய்விடும். பார்க்கப் புதிதாக இருக்கும். சில வாரங்களில் மறுபடி மழுங்கும், இந்த முறை துணுக்கு உடைந்து பேரிங்குக்குள்ளும் போகும். வளைந்த ஃபோர்க்கைச் சுத்தியலால் நிமிர்த்துவதும் அதே கதை.

சக்கரம் வாங்கும்போது டாக் தேய்ந்ததை மட்டும் வாங்காமல், அது போய் நுழையும் ஜோடிச் சக்கரத்தையும் சேர்த்து வாங்குங்கள். கூடவே அந்த ஃபோர்க்கும். சீன இன்ஜின்களுக்குப் பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்காது, பழைய சக்கரத்தைக் கையில் கொண்டுபோய்ப் பல் எண்ணிக்கையையும் ஷாஃப்ட் துளையையும் வெர்னியரில் ஒப்பிட்டுத்தான் வாங்கவேண்டும். ஷாஃப்ட்டிலிருந்து கழலும் ஒவ்வொரு வாஷரையும் வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்துவைக்கச் சொல்லுங்கள். ஒன்று இடம் மாறினாலும் ஒரு கியர் பாதிதான் விழும். கேஸை மூடுவதற்கு முன், பேக்கிங் ஒட்டுவதற்கும் முன், ஷாஃப்ட்டை ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையால் டிரம்மைத் திருப்பி முதல் கியரிலிருந்து ரிவர்ஸ் வரை ஒவ்வொன்றாக விழுகிறதா என்று உங்கள் கண் முன்னால் மெக்கானிக் காட்டவேண்டும். காட்டியபின் மூடட்டும்.